'ஈ.ஆர்.' முதல் 'தி பிட்' வரை: ஆஸ்பத்திரி சீரியல்களின் மவுசு ஏன் குறையவே இல்லை?

2025 செப்டம்பர் 14. லாஸ் ஏஞ்சலிஸில் எம்மி விருது விழா. நாடகத் தொடர் பிரிவில் சிறந்த நடிகருக்கான விருதை வாங்க மேடையேறினார் நோவா வைலி. 'தி பிட்' தொடரில் எமர்ஜென்சி வார்டு டாக்டராக நடித்ததற்குக் கிடைத்த விருது அது. இன்றிரவு ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களுக்கும், ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கும் இதைச் சமர்ப்பிப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

வைலிக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. 1994-ல் 'ஈ.ஆர்.' தொடரில் ஜான் கார்ட்டர் என்ற மருத்துவ மாணவராக அவர் அறிமுகமானபோது வயது 23. அந்த வேடத்துக்காக ஐந்து முறை எம்மிக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட விருது கிடைக்கவில்லை. 30 வருடம் கழித்து, மறுபடியும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டியதும் கிடைத்தது.

ஒரு நடிகரின் அதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2005-ல் தொடங்கிய 'கிரேஸ் அனாடமி' இன்னும் முடியவில்லை; 400 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. 2024-ல் அமெரிக்கர்கள் ஓடிடி-யில் அதை 4,700 கோடி நிமிடங்களுக்கும் மேல் பார்த்திருக்கிறார்கள். அந்த வருடம் அதைவிட அதிகம் பார்க்கப்பட்டது 'புளூயி' என்ற குழந்தைகள் கார்ட்டூன் மட்டும்தான்.

ஆஸ்பத்திரி என்றாலே யாருக்கும் பிடிக்காது. அந்த வாசனை பிடிக்காது, காத்திருப்பு பிடிக்காது, பில் சுத்தமாகப் பிடிக்காது. அப்புறம் ஏன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதையே விடிய விடியப் பார்க்கிறோம்?

டாக்டர் கடவுளாக இருந்த காலம்

கொஞ்சம் பின்னால் போவோம். 1961-ல் அமெரிக்காவில் இரண்டு டாக்டர் சீரியல்கள் ஒரே சமயத்தில் தொடங்கின: 'டாக்டர் கில்டேர்', 'பென் கேஸி'. இரண்டிலும் டாக்டர் தப்பே செய்யமாட்டார். அதற்கு ஒரு காரணமும் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆலோசனைக் குழு ஒன்று திரைக்கதைகளைப் படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்லும். சிகிச்சை முறை சரியா என்பதோடு, டாக்டரின் மரியாதை குறையாமல் இருக்கிறதா என்பதும் அவர்களுக்கு முக்கியம்.

1969-ல் வந்த 'மார்கஸ் வெல்பி, எம்.டி.' அடுத்த கட்டம். எபிசோடுக்கு ஒரு நோயாளி. அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒதுக்கும் டாக்டர். ராபர்ட் யங் என்ற நடிகர் அந்த வேடத்தில் எந்த அளவுக்கு ஒன்றிப்போனார் என்றால், தங்கள் வியாதியைச் சொல்லி மருந்து கேட்டு ஆயிரக்கணக்கானோர் அவருக்கே கடிதம் போட்டார்கள். சிரிக்க வேண்டாம். சொந்த டாக்டரிடம் கிடைக்காத ஏதோ ஒன்றை அந்த ஜனங்கள் டிவி டாக்டரிடம் பார்த்திருக்கிறார்கள்.

1972-ல் வந்தது 'மேஷ்'. கொரியப் போர்முனையில் கூடாரம் போட்டு ஆபரேஷன் செய்யும் ராணுவ டாக்டர்களின் கதை. பெயருக்குக் கொரியா என்றாலும், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றிய பேச்சு என்று புரிந்தது. அது நகைச்சுவைத் தொடர். பின்னணியில் சிரிப்புச் சத்தம் வேண்டும் என்றது சேனல். தயாரிப்பாளர்கள் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் ஆபரேஷன் தியேட்டர் காட்சிகளில் அந்தச் சத்தம் வரக்கூடாது என்று பிடிவாதமாக நின்று சாதித்தார்கள். 1983 பிப்ரவரி 28 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோடை 10 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கியிருந்த 'செயின்ட் எல்ஸ்வேர்' இன்னும் ஒரு படி இறங்கி வந்தது. பாஸ்டனில் காசில்லாத, பழைய ஆஸ்பத்திரி. டாக்டர்கள் களைத்துப்போனவர்கள், தப்பு செய்பவர்கள். எய்ட்ஸ் என்ற பெயரைச் சொல்லவே டிவி தயங்கிய 1983-லேயே அந்த நோயாளி ஒருவரின் கதையைச் சொன்னது. கடவுளாக இருந்த டாக்டர் மனிதனாக மாறியது இங்கேதான்.

இருபது வருடம் அலமாரியில் கிடந்த கதை

'ஜுராசிக் பார்க்' நாவலை எழுதிய மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். அப்போது எமர்ஜென்சி பிரிவில் பார்த்ததை வைத்து 1974-ல் ஒரு சினிமாத் திரைக்கதை எழுதினார். யாரும் எடுக்கவில்லை. பிறகு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அதில் ஆர்வம் காட்டினார். ஆனால் டைனோசர் கதை குறுக்கே வந்துவிட, அது முந்திக்கொண்டது. 'ஜுராசிக் பார்க்' வெளியான பிறகு பழைய திரைக்கதையைத் தூசி தட்டி எடுத்து, பெரிய மாற்றம் இல்லாமல் டிவி தொடரின் முதல் எபிசோடாக எடுத்தார்கள். இயங்காமல் மூடிக்கிடந்த ஒரு லாஸ் ஏஞ்சலிஸ் ஆஸ்பத்திரியிலேயே அதன் படப்பிடிப்பு நடந்தது. 1994 செப்டம்பர் 19 அன்று என்.பி.சி.யில் ஒளிபரப்பானது.

கதை நடக்கும் இடம் சிகாகோவின் 'கவுண்டி ஜெனரல்'. அது கற்பனைப் பெயர்தான். மனதில் வைத்திருந்தது அந்த ஊரின் பெரிய அரசு ஆஸ்பத்திரியான குக் கவுண்டியை.

பார்ப்பவர்களுக்கு முதலில் தலை சுற்றியது. ஒரே எபிசோடில் பத்துப் பதினைந்து நோயாளிகள். சில பேரின் கதை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்; அவர்களுக்கு என்ன ஆனது என்றே தெரியாது. ஸ்ட்ரெச்சருக்குப் பின்னாலேயே கேமராவும் ஓடும். டாக்டர்கள் மருத்துவ வார்த்தைகளைச் சரமாரியாகப் பேசுவார்கள், யாரும் நின்று விளக்கமாட்டார்கள். ஆனால் அர்த்தம் புரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்தே நிலைமை புரிந்துவிடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் சொந்தக்காரர்களின் நிலைமையும் அதுதானே?

அதே வாரம் சி.பி.எஸ். சேனல் 'சிகாகோ ஹோப்' என்ற இன்னொரு ஆஸ்பத்திரித் தொடரைத் தொடங்கியது. பேர்பெற்ற சர்ஜன்கள், பளபளக்கும் ஆபரேஷன்கள். வியாழன் இரவு ஒரே நேரத்தில் இரண்டும் மோதின, 'ஈ.ஆர்.' ஜெயித்தது. பிறகு மூன்று சீசன்களில் நாட்டின் நம்பர் 1 தொடராக இருந்தது. 1998-ல் ஒரு எபிசோடுக்கு 1.3 கோடி டாலர் தர என்.பி.சி. ஒப்புக்கொண்டது. 2009-ல் முடியும்போது கணக்கு: 15 சீசன், 331 எபிசோடு.

தோற்ற டாக்டரை ஏன் மறக்கவில்லை?

ரசிகர்கள் இன்றும் பேசும் எபிசோடு, யாரையும் காப்பாற்றிய கதை அல்ல. 1995 மார்ச்சில் வந்த 'லவ்ஸ் லேபர் லாஸ்ட்'. நிறைமாத கர்ப்பிணி ஒருவர் சிறுநீர் உபாதையோடு வருகிறார். டாக்டர் மார்க் கிரீன் சாதாரண தொற்று என்று நினைத்து அனுப்பிவிடுகிறார். உண்மையில் அது ரத்த அழுத்தம் ஏறும் பிரிக்ளாம்சியா. அடுத்த சில மணி நேரத்தில் ஒவ்வொரு முடிவும் தப்பாகப் போகிறது. குழந்தை பிழைக்கிறது; தாய் இறந்துவிடுகிறார். கணவரிடம் போய் அதைச் சொல்ல வேண்டியவரும் அதே டாக்டர்தான். கடைசியில் ரயிலில் தனியாக உட்கார்ந்து அழுகிறார்.

இதை எழுதிய லான்ஸ் ஜென்டைல், எமர்ஜென்சி டாக்டராக வேலை பார்த்தவர். எழுத்துக்கு எம்மி கிடைத்தது; இயக்கிய மிமி லெடருக்கும் கிடைத்தது. கில்டேர் காலத்துக் குழுவின் கையில் இந்தத் திரைக்கதை கிடைத்திருந்தால் பாதியைச் சிவப்பு மையால் அடித்திருப்பார்கள். ஆனால் இதைப் பார்த்தவர்களுக்கு டாக்டர்கள் மீது மரியாதை குறையவில்லை. கூடவே நின்ற மனிதன் என்று கிரீன் மீது பிரியம்தான் கூடியது.

கதவு பற்றிய கதை

சரி, மற்ற வார்டுகளை விட்டுவிட்டு எமர்ஜென்சி மட்டும் ஏன் இவ்வளவு பிடித்துப்போனது? வேகம், ரத்தம், ஓட்டம் என்பதெல்லாம் பாதிப் பதில்தான். மீதிப் பதில் அமெரிக்க அரசியலில் இருக்கிறது.

1980-களில் அமெரிக்கத் தனியார் ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் இருந்தது. இன்ஷூரன்ஸ் இல்லாத நோயாளி வந்தால், நிலைமை மோசமாக இருந்தாலும் ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிடுவார்கள். இதை ஆவணப்படுத்திய முக்கியமான ஆய்வு ஒன்று 1986-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட 467 நோயாளிகளை டாக்டர்கள் கணக்கெடுத்தார்கள். 87 சதவீதம் பேரை அனுப்பியதற்குக் காரணம், போதிய இன்ஷூரன்ஸ் இல்லை என்பதே. அந்த 467 பேரும் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? சிகாகோ குக் கவுண்டி. ஆமாம், 'ஈ.ஆர்.' மனதில் வைத்திருந்த அதே ஆஸ்பத்திரி.

அதே ஆண்டு 'எம்டாலா' என்ற சட்டம் வந்தது. முதியோருக்கான அரசுத் திட்டமான மெடிகேரில் பணம் வாங்கும் எந்த ஆஸ்பத்திரியும், எமர்ஜென்சிக்கு வருபவரைக் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் நிலைப்படுத்தாமல் வெளியே அனுப்பக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். அதன் பிறகான சிகிச்சைக்கு உத்தரவாதம் இல்லை. பில்லும் வீடு தேடி வரும். ஆனால் அமெரிக்க மருத்துவத்தில் எல்லாருக்கும் திறந்தே இருக்க வேண்டிய ஒரே கதவு என்று சட்டம் சொல்வது இதைத்தான்.

'ஈ.ஆர்.' தொடங்கிய 1994-ல் சுமார் 4 கோடி அமெரிக்கர்களுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. எல்லாருக்கும் காப்பீடு என்ற பில் கிளின்டனின் திட்டம் ஒரு வருடமாக இழுபறியில் கிடந்தது. 1994 செப்டம்பர் 26 அன்று, இந்தக் கூட்டத்தொடரில் அது நிறைவேற வாய்ப்பில்லை என்று செனட் பெரும்பான்மைத் தலைவர் ஜார்ஜ் மிட்செல் அறிவித்தார். 'ஈ.ஆர்.' முதல் எபிசோடு ஒளிபரப்பாகி ஒரே வாரம் ஆகியிருந்தது.

யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை; தேதிகள் அப்படி அமைந்துவிட்டன. ஆனாலும், நாடாளுமன்றத்தில் மூடப்பட்ட ஒரு கதவு வாரா வாரம் டிவியில் திறந்தது. வீடில்லாதவர், போதைக்கு அடிமையானவர், இங்கிலீஷ் தெரியாதவர், பணக்காரர் என எல்லாரும் அதே கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். உள்ளே வந்ததும் யாரோ ஒருவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, 'உங்க பேர் என்ன?' என்று கேட்டார்கள்.

எது நிஜம், எது கதை?

இந்த ஈர்ப்புக்கு ஒரு விலையும் உண்டு. 1996-ல் அதே மருத்துவ இதழில் வந்த இன்னொரு ஆய்வு, 'ஈ.ஆர்.', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' ஆகிய மூன்றிலும் 97 எபிசோடுகளைப் பார்த்துக் கணக்கெடுத்தது. நெஞ்சை அழுத்தி இதயத்தை மீண்டும் இயக்கும் சிபிஆர் 60 முறை வந்தது. அதில் 75 சதவீதம் பேர் அப்போதைக்குப் பிழைத்தார்கள். 67 சதவீதம் பேர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கே போய்விட்டார்கள் என்று தெரிந்தது. நிஜத்தில் இதில் பாதிகூட இல்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றால் வாய்ப்பு இன்னும் குறைவு.

இது வெறும் லாஜிக் ஓட்டை என்று விட்டுவிட முடியாது. ஐசியு வாசலில் டாக்டர் வந்து, 'இதயம் நின்னுட்டா மறுபடி முயற்சி பண்ணலாமா, வேண்டாமா?' என்று கேட்கும்போது, 80 வயது அப்பாவின் மகன் மனதில் ஓடுவது டிவி காட்சியாக இருந்தால்? விலா எலும்பு உடையலாம், நினைவு திரும்பாமலே போகலாம் என்பதெல்லாம் அந்தக் காட்சியில் வருவதில்லை. அதற்காக, கண்ணெதிரே ஒருவர் சுருண்டு விழுந்தால் சிபிஆர் செய்யாமல் இருந்துவிடக் கூடாது. உடனே செய்தால்தான் கொஞ்சமாவது வாய்ப்பு. முடிவை மட்டும் டிவி கணக்கில் எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு பிரபலமான தப்பு: மானிட்டரில் நேர்க்கோடு வந்ததும் ஷாக் கொடுப்பது. முழுசாக நின்றுபோன இதயத்துக்கு ஷாக் வேலை செய்யாது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை நிறுத்தி ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் அது.

நல்லதும் நடந்திருக்கிறது. 'ஈ.ஆர்.' எபிசோடுகள் சிலவற்றுக்கு முன்னும் பின்னும் கைசர் குடும்ப அறக்கட்டளை ரசிகர்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தியது. அவசரக் கருத்தடை மாத்திரை, ஹெச்பிவி கிருமி போன்றவை பற்றிய அறிவு எபிசோடு வந்த வாரம் நன்றாக உயர்ந்தது. சில வாரங்களில் மறுபடி இறங்கியும் விட்டது. டிவி சொல்லிக்கொடுக்கும், ஆனால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஜீனி புலே என்ற பாத்திரத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஆஸ்பத்திரி ஊழியரான அவருக்கு ஹெச்ஐவி என்று தெரியவருகிறது. சாகடித்துக் கண்ணீர் வரவழைக்காமல், வேலைக்குப் போய்க்கொண்டே வாழ்பவராகச் சீசன் கணக்கில் காட்டினார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு

2020 மார்ச்சில் ஒரு விசித்திரம் நடந்தது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் முகக்கவசம் தீர்ந்துபோனபோது, ஆஸ்பத்திரி சீரியல்கள் தங்கள் செட்டில் இருந்ததை அனுப்பிவைத்தன. 'தி ரெசிடென்ட்' குழு அட்லாண்டாவின் கிரேடி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது. 'கிரேஸ் அனாடமி' கவுன்களையும் கையுறைகளையும் கொடுத்தது. நடிப்பு ஆஸ்பத்திரியில் இருந்த பொருள் நிஜ ஆஸ்பத்திரியில் இல்லை!

அந்தக் காயத்திலிருந்து பிறந்ததுதான் 2025 ஜனவரியில் வந்த 'தி பிட்'. 'ஈ.ஆர்.' தொடரில் இருந்த ஜான் வெல்ஸ், ஸ்காட் கெம்மில், நோவா வைலி ஆகியோர் சேர்ந்து உருவாக்கியது. இது புதுப்பெயரில் வந்த 'ஈ.ஆர்.'தான் என்று சொல்லி, மறைந்த கிரைட்டனின் மனைவி 2024-லேயே வழக்குப் போட்டார். தயாரிப்புத் தரப்பு அதை மறுக்கிறது.

முதல் சீசன் முழுக்க ஒரே ஒரு ஷிஃப்ட்: 15 எபிசோடு, 15 மணி நேரம். பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லை. இங்கே வில்லன் நோய் அல்ல, இடப் பற்றாக்குறை. மேல் மாடி வார்டில் நர்ஸ் இல்லாததால் அட்மிஷன் ஆனவர்கள் எமர்ஜென்சியிலேயே கிடக்கிறார்கள். வெளியே காத்திருப்போர் கூட்டம் பொங்குகிறது. பொறுமை இழந்த ஒருவர் தலைமை நர்ஸ் டானாவை முகத்திலேயே குத்திவிடுகிறார். நிர்வாகத்துக்கோ நோயாளிகளின் திருப்தி மதிப்பெண்தான் கவலை. பார்த்த டாக்டர்களும் நர்ஸுகளும், இதுதான் எங்கள் வேலை என்றார்கள். டானாவாக நடித்த கேத்தரின் லனாசாவுக்கும், சிறந்த தொடருக்கும் எம்மி கிடைத்தது.

கதவு இப்போதும் திறந்துதான் இருக்கிறது. உள்ளே இடம்தான் இல்லை. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், ஏழைகளுக்கான மெடிகெய்ட் நிதியைப் பெருமளவு குறைக்கிறது. 2034-க்குள் மேலும் சுமார் 1 கோடிப் பேர் காப்பீட்டை இழப்பார்கள் என்பது நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. காப்பீடு இல்லாதவர் உடம்பு முற்றிப்போனபின் எங்கே போவார்? அந்த ஒரே கதவுக்குத்தான்.

அப்படியானால் நாம் பார்ப்பது எதை?

வியாதியையோ ஆபரேஷனையோ பார்க்க யாரும் 331 எபிசோடு உட்காரமாட்டார்கள். டாக்டர்களின் காதல், சண்டை எல்லாம் வேறு சீரியல்களிலும் கிடைக்கும். மார்கஸ் வெல்பிக்குக் கடிதம் எழுதியவர்கள் தேடியதும், கிரீனோடு சேர்ந்து அழுதவர்கள் தேடியதும், வைலியை மறுபடி பார்க்க வந்தவர்கள் தேடியதும் ஒன்றுதான். நம் வாழ்க்கையின் மோசமான நாளில் உள்ளே நுழையும்போது, ஒருவர் தன் வேலையை நிறுத்திவிட்டு நம்மைப் பார்க்க வேண்டும்.

டிவி ஆஸ்பத்திரியின் பெரிய பொய் சிபிஆர் கணக்கல்ல, நேரக் கணக்கு. அங்கே டாக்டருக்கு எப்போதும் இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும். பில் கவுன்ட்டர் காட்சியில் வராது. 'ஈ.ஆர்.' அந்தப் பொய்யைக் கொஞ்சம் குறைத்தது. 'தி பிட்' இன்னும் குறைத்து, அந்த இரண்டு நிமிடத்தைத் தருவதற்கு டாக்டரும் நர்ஸும் எதை இழக்கிறார்கள் என்று காட்டுகிறது.

467 பேரை வாங்கிக்கொண்ட பழைய குக் கவுண்டி கட்டிடம் 2002-ல் மூடப்பட்டது. பக்கத்திலேயே புது ஆஸ்பத்திரி வந்தது. பழைய கட்டிடம் இன்று ஹோட்டல். அங்கே அறை வேண்டுமென்றால் முன்பதிவு செய்ய வேண்டும், பணமும் கட்ட வேண்டும். முன்பெல்லாம் அந்த வாசலில் அதை யாரும் கேட்டதில்லை.